ஆச்சி என்னும் விளி: குணச்சித்திர நடிகையின் உழைப்பும் பேச்சும்

1

தமிழ் சினிமாவை அரசியலாக வாசித்த எழுத்துகளில் பெரும்பகுதி நாயகனைச் சுற்றியே வந்திருக்கிறது. தியடோர் பாஸ்கரன் 1981இல் வெளியிட்ட நூல், நாடகமேடையும் சினிமாவும் தேசிய இயக்கத்தின் செய்தியை எப்படிச் சுமந்தன என்று காட்டியது. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆர். பற்றி எழுதிய நூல், ஏழைகளுக்குப் பெரிதாக எதையும் செய்துவிடாத ஓர் ஆட்சியை நடத்தியவரை ஏழைகளே ஏன் தங்களவராகக் கொண்டாடினார்கள் என்று கேட்டது. இரண்டும் நமக்குத் தேவையான நூல்கள். ஆனால் திரையில் நாயகனுக்கு ஓரடி பின்னால், சில சமயம் அவன் காலடியில், இன்னொருத்தி நின்றுகொண்டிருந்தாள். வீடு பெருக்கினாள், பத்துப் பாத்திரம் தேய்த்தாள், சிரிக்கவைத்தாள், ஒப்பாரி வைத்தாள், கடைசி ரீலில் அடிபட்டோ குத்துப்பட்டோ செத்தும் போனாள். அவளைப் பற்றி நம்மிடம் இருப்பதெல்லாம் துணுக்குகளும் இரங்கல் குறிப்புகளும்தான்.

மனோரமாவை முன்வைத்து அவளைப் பற்றிச் சில விஷயங்களைப் பேசிப் பார்க்கலாம். மனோரமாவின் சாதனைப் பட்டியல் எல்லாருக்கும் மனப்பாடம்: ஆயிரம் படம், கின்னஸ் புத்தகம், ஐந்து முதலமைச்சர்கள், பத்மஸ்ரீ. எனக்கு இந்தப் பட்டியலில் அக்கறை குறைவு. ஒரு பெண்ணின் நாக்கை வைத்துத் தமிழ் சினிமா ஐம்பது வருஷத்துக்கு மேல் பிழைப்பு நடத்தியிருக்கிறது. அந்த நாக்கு பேசிய தமிழுக்கு அது என்ன இடம் கொடுத்தது, எப்போது கொடுத்தது, பதிலுக்கு என்ன வாங்கிக்கொண்டது என்பதுதான் இங்கே கேள்வி.

2

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'குணச்சித்திர நடிகை' என்கிறோம். அப்படியானால் நாயகனுக்கும் நாயகிக்கும் குணச்சித்திரம் கிடையாதா என்று ஒரு சிறுபிள்ளை கேட்டால் என்ன சொல்வது? கிடையாது என்றுதான் சொல்லவேண்டும். எம்.ஜி.ஆர். ரிக்‌ஷா இழுத்தாலும் மீன் பிடித்தாலும் மாடு ஓட்டினாலும் எம்.ஜி.ஆர்தான். அவர் வேறொரு ஆளாக மாறிவிட்டால் டிக்கெட் எடுத்தவன் கோபித்துக்கொள்வான். சிவாஜி இதற்கு விலக்கு போலத் தெரிவார். அவரிடம் வேஷம் மாறியதே தவிர, படத்தின் மையத்தில் அவர் நிற்பது மாறியதில்லை. படத்துக்குப் படம், சில நாள் காலையில் ஒரு ஆளாகவும் மாலையில் வேறொரு ஆளாகவும் மாறவேண்டிய கட்டாயம் மற்றவர்களுக்குத்தான். ஆக 'குணச்சித்திரம்' என்பது திறமையைக் குறிக்கும் சொல் போலத் தோன்றினாலும், படிநிலையைக் குறிக்கும் சொல்லும்கூட. தானாகவே இருக்கும் உரிமை உள்ளவர் நட்சத்திரம். அந்த உரிமை இல்லாதவர் குணச்சித்திரம்.

இது சினிமா கண்டுபிடித்த ஏற்பாடும் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) வகுத்துக் கொடுத்த நாடகங்களை இன்றைக்கும் ஆடிக்கொண்டிருக்கும் ஸ்பெஷல் நாடகத்தைப் பாருங்கள். அதில் நடிகர்கள் பார்ட்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள்: ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ்காரி. ராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் எழுதிவைத்த பாட்டும் வசனமும் உண்டு. பபூனுக்கும் டான்ஸ்காரிக்கும் அப்படி ஒன்றும் கிடையாது. எந்த ஊரில் கொட்டகை போட்டிருக்கிறதோ அந்த ஊர்ப் பேச்சை, அந்த ஊர் வம்பைப் பிடித்துக்கொண்டு அவர்கள் விடியவிடிய ஓட்டவேண்டும். எழுதப்பட்ட தமிழ் மேலே, பேசப்படும் தமிழ் கீழே. மேலே இருப்பது கதை, கீழே இருப்பது இடைவேளை. சூசன் சீஸர் ஸ்பெஷல் நாடக நடிகைகள் பற்றி 2005இல் வெளியிட்ட ஆய்வு நூல், பலர் முன்னால் வாய்திறந்து பேசும் பெண் மீது ஊர் பூசும் களங்கத்தையும், அதைச் சமாளிக்க அந்தப் பெண்கள் மேடையிலும் மேடைக்கு வெளியிலும் படும் பாட்டையும் விரிவாகச் சொல்கிறது.

சினிமா பேசத் தொடங்கியபோது இந்த ஏற்பாட்டை அப்படியே வாங்கிக்கொண்டது. ஸ்திரீபார்ட் நாயகியானாள். டான்ஸ்காரி, நகைச்சுவை நடிகையாகவும் வேலைக்காரியாகவும் ஆனாள். டி.ஏ. மதுரம், டி.பி. முத்துலட்சுமி எல்லாம் அந்த வரிசையில் வந்தவர்கள். மனோரமாவும் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறார்.

3

1937 மே 26இல் மன்னார்குடியில் பிறந்த அவருக்கு வைத்த பெயர் கோபிசாந்தா. தகப்பனார் வேறு குடும்பம் ஆகிவிட்டார். தாய் ராமாமிர்தம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூருக்கு வந்தார். செட்டிநாட்டின் பெரிய வீடுகள் இருக்கும் ஊர். அங்கே தாய்க்குக் கிடைத்தது வீட்டு வேலை. மகளின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. பாட்டுப் பாடும் பிள்ளை என்பதால் பன்னிரண்டு வயதில் நாடகத்துக்குப் போனாள். நாடகக்காரர்கள்தான் மனோரமா என்று பெயர் வைத்தார்கள். வைரம் நாடக சபா, பிறகு எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடக மன்றம் என்று ஊர் ஊராகப் போன வாழ்க்கை. கருணாநிதி எழுதிய 'மணிமகுடம்' நாடகத்தில் நடித்தது இந்தக் காலத்தில்தான்.

திரைக்கு வந்தது 1958இல், கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில். கொடுத்தது நகைச்சுவை வேஷம். மேடையில் கதாநாயகியாக நின்றவருக்கு அது சங்கடமாக இருந்தது. நாயகியாக வந்தால் சில வருஷம்தான் தாக்குப்பிடிக்கலாம், சிரிப்பு வேஷத்துக்கு வந்தால் ரொம்ப காலம் இருக்கலாம் என்ற பொருளில் கண்ணதாசன் தேற்றியதை மனோரமா பல பேட்டிகளில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

இந்தச் சம்பவத்தை ஒரு தீர்க்கதரிசனமாகச் சொல்வது வழக்கம். எனக்கென்னமோ அது ஒரு கூலி ஒப்பந்தமாகப் படுகிறது. நாயகியின் உடம்புக்குத் தமிழ் சினிமா ஒரு காலக்கெடு வைத்திருக்கிறது. 1917இல் பிறந்த எம்.ஜி.ஆர். தன் அறுபத்தோராவது வயதில், 1978இல் வந்த 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' வரை நாயகன். அவரோடு ஜோடி சேர்ந்த பெண்கள் தலைமுறை தலைமுறையாக மாறிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் காலக்கெடுவிலிருந்து தப்பிக்க ஒரு பெண்ணுக்கு ஒரே வழிதான் இருந்தது: தொடக்கத்திலேயே அழகைக் கைவிட்டுவிடுவது. ஆசைப்படப்படும் இடத்திலிருந்து விலகி, சிரிக்கப்படும் இடத்துக்குப் போய்விடுவது. 21 வயதில் மனோரமா கையெழுத்துப் போட்டது இதற்குத்தான். 1963இல் மாடர்ன் தியேட்டர்ஸின் 'கொஞ்சும் குமரி'யில் நாயகியாக நடித்தார். ஆனால் அது ஒரு பாதையாக விரியவில்லை. கண்ணதாசன் கணக்கு பலித்தது. பலித்தது என்பதாலேயே அந்தக் கணக்கு நியாயமாகிவிடாது.

ஒரு சொல்லை இங்கேயே பேசிவிடலாம். 'ஆச்சி.' பள்ளத்தூரில் வளர்ந்ததால் ஒட்டிக்கொண்ட செட்டிநாட்டுப் பேச்சிலிருந்து வந்த பட்டம் அது. செட்டிநாட்டில் நகரத்தார் வீட்டுப் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல். அந்த வீடுகளில் வேலை செய்யும் பெண்கள் எசமானியை அழைப்பதும் அப்படித்தான். வேலைக்காரத் தாயின் மகளைத் தமிழ்நாடு முழுக்க எசமானிக்கு உரிய பெயரால் அழைத்தது. இதைச் சரித்திரத்தின் பழிவாங்கல் என்று கொண்டாட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் அவருக்குக் கிடைத்தது அந்த வீட்டுப் பேச்சை அச்சுப் பிசகாமல் பேசிக் காட்டியதற்காக. வேலைக்காரி எசமானியின் பேச்சை அறிந்தே ஆகவேண்டும், அது அவள் பிழைப்பு. எசமானிக்கு வேலைக்காரியின் பேச்சு தெரியவேண்டிய அவசியம் இல்லை. மனோரமாவின் நடிப்புக் கலை முழுவதற்கும் இந்த ஒருவழிப் பாதைதான் அடித்தளம் என்று எனக்குத் தோன்றுகிறது.

4

இனி பேச்சுக்கு வருவோம். திராவிட இயக்க மேடை வேலைக்காரியை நாயகியாக்கியது. அது சின்ன விஷயமில்லை. அண்ணாதுரையின் 'வேலைக்காரி' 1949இல் ஜூபிடர் பிக்சர்ஸ் படமாக வந்தபோது, வட்டிக்கடை ஜமீன்தார் வீட்டு வேலைக்காரி அமிர்தத்தை அந்த வீட்டு மகன் காதலிப்பது பெரிய உடைப்பு. ஆனால் அமிர்தம் வாய்திறந்தால் வருவது என்ன? நாயகிக்குரிய தமிழ். கதையில் அவள் வேலைக்காரி, மொழியில் இல்லை. 1952இல் 'பராசக்தி' வந்த பிறகு அடுக்குத் தமிழ் நாயகனின் ஆயுதமாயிற்று. பிச்சைக்காரனாகத் திரிந்தாலும் அவன் தமிழ் கிழியாது. கீழே கிடப்பவனை மேலே தூக்க மேலேயுள்ள தமிழை அவன் வாயில் வைத்தார்கள். அவனுடைய தமிழையே மேலே தூக்குவது யாருக்கும் தோன்றவில்லை.

அப்படியானால் அவனுடைய தமிழ் எங்கே போயிற்று? நகைச்சுவைக்குப் போயிற்று. 1960களில் மனோரமா பேசிய தமிழ்களை எண்ணிப் பாருங்கள். 'அனுபவி ராஜா அனுபவி' (1967) படத்தில் தூத்துக்குடிப் பேச்சு. 'பொம்மலாட்டம்' (1968) படத்தில் சென்னைக் குப்பத்துப் பேச்சு, அதில் ஒரு முழுப் பாட்டையே அவர் தன் குரலில் பாடினார். அதே ஆண்டு 'தில்லானா மோகனாம்பா'ளில் நாடகக்காரியின் இழுத்துப் பேசும் பேச்சு. அய்யர் வீட்டு மாமி, கொங்குக் கிழவி, செட்டிநாட்டு ஆச்சி என்று பட்டியல் நீளும். தமிழ் வட்டார வழக்குகள் இத்தனையையும் ஒரே வாய்க்குள் வைத்திருந்த கலைஞர் நம்மிடம் வேறு யார்? அந்த ஊர்க்காரர்கள் கேட்டால் ஒரு குறை சொல்லலாம், இரண்டு குறை சொல்லலாம். ஆனாலும் பாடப்புத்தகமும் வானொலியும் மேடையும் தள்ளிவைத்த தமிழ்கள் வெகுமக்கள் முன்னால் ஒலித்தது இவர் வாயில்தான். நிபந்தனை ஒன்றே ஒன்று: கேட்பவர் சிரிக்கவேண்டும்.

இந்தச் சிரிப்பு என்ன செய்யும் என்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். கிளியனூரிலிருந்து மரக்காணம் உப்பளம் வரை பேசுகிற பேச்சில் 'இன்னா', 'வூடு', 'கீது', 'இட்டுனு வா' எல்லாம் சாதாரணம். சினிமா இதை மெட்ராஸ் பாஷை என்று பெயர் வைத்து ரவுடிக்கும் ரிக்‌ஷாக்காரனுக்கும் மீன்காரிக்கும் கொடுத்தது. நான் எம்.ஏ. தமிழ் படித்த வகுப்பில் ஒரு பெண் சங்கப்பாட்டுக்குப் பொருள் சொல்லும்போது அவளையறியாமல் 'கீது' என்று வந்துவிட்டது. வகுப்பே சிரித்தது, பாடம் நடத்தியவரும் சேர்ந்து சிரித்தார். அவள் சொன்ன பொருள் சரி. ஆனால் அதை யாரும் கேட்கவில்லை. அவர்கள் கேட்டது ஒரு சினிமாக் காமெடியை. அதற்குப் பிறகு அந்தப் பெண் வகுப்பில் பேசி நான் பார்க்கவில்லை.

ஆனால் உப்பளத்தில் இதே விஷயம் வேறு மாதிரி நடக்கிறது. பாத்தியில் வாரிய உப்பைக் கூடையில் தலைச்சுமையாகக் கரைக்குக் கொண்டுபோய்க் கொட்டும் பெண்கள், வேலை முடிந்து வீட்டுக்கு வந்து டி.வி.யில் பழைய படம் பார்க்கும்போது மனோரமாவுக்குச் சிரிக்கிறார்கள்தான். சிரித்துவிட்டு, "அந்தம்மா நம்ம வூட்டுப் பொம்பள மாதிரியே பேசுது பாரு" என்கிறார்கள். நாயகியைப் பற்றி அவர்கள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நாயகி பார்ப்பதற்கு, இவர் கேட்பதற்கு. கல்லூரியில் அவமானமாக இறங்கிய அதே சிரிப்பு இங்கே அடையாளம் கண்டுகொண்ட சிரிப்பாக இருக்கிறது. ஒரே பிரதி, இரண்டு வாசிப்பு. வித்தியாசம் படத்தில் இல்லை, சிரிப்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதில் இருக்கிறது.

நாயகிக்குக் குரல் இல்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். 1980களுக்குப் பிறகு தமிழ் நாயகிகளில் பெரும்பாலோருக்குப் பேசியவர்கள் பின்னணிக் குரல் கலைஞர்கள். முகம் ஒருவருடையது, குரல் ஒருவருடையது, கூலி மட்டும் இருவருக்கும் ஒன்றில்லை. குணச்சித்திர நடிகையிடம்தான் முகமும் குரலும் ஒரே உடம்பில் இருந்தன. அந்த ஒருமையைச் சினிமா நாயகிக்கு அனுமதிக்கவில்லை. அனுமதித்த இடத்தில் அழகை எடுத்துக்கொண்டது.

5

'தில்லானா மோகனாம்பாள்' (ஏ.பி. நாகராஜன், 1968) இதைத் தெரியாமலேயே விளக்கிக் காட்டும் படம். கொத்தமங்கலம் சுப்புவின் நாவல். அதில் ஆடிப் பிழைக்கும் பெண்கள் இரண்டு பேர்: ஒருத்தி மோகனா, இன்னொருத்தி ஜில் ஜில் ரமாமணி. 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்த பிறகு, சதிர் என்ற ஆட்டம் பரதநாட்டியமாகி உயர்சாதி வீடுகளுக்குக் குடிபோயிருந்த காலம். மோகனாவைப் படம் கவனமாகக் கழுவி எடுக்கிறது. அவள் பணத்துக்கு மசியாதவள், ஒரே ஆணுக்கு உரியவள், முடிவில் மணமகள். சி.கே. சரஸ்வதி நடித்த அவள் தாய் வடிவாம்பாளின் மேல் பழைய 'களங்கம்' அத்தனையும் ஏற்றப்படுகிறது.

ரமாமணிக்கு இந்தக் கழுவல் எதுவும் நடப்பதில்லை. நாடகக் கொட்டகைக்காரி, ஆண்களோடு சரிக்குச் சரி வாயாடுபவள், தன் பெயருக்கு முன்னால் 'ஜில் ஜில்' என்று விளம்பரம் போட்டுக்கொள்பவள். நாதஸ்வர வித்வானிடம் அவள் காட்டும் பிரியத்தில் ஆசையும் உண்டு, மரியாதையும் உண்டு, தன் இடம் எது என்ற தெளிவும் உண்டு. மனோரமா இதை வெறும் காமெடியாகச் செய்திருந்தால் படம் அவளை மறந்துவிட்டுப் போயிருக்கும். சிரிப்புக்கு நடுவில் ஒரு கணம் அவர் குரலைத் தாழ்த்துகிறார். அந்தத் தாழ்த்தலில் பள்ளத்தூரிலிருந்து புதுக்கோட்டை வரை வண்டியில் போன நாடகக்காரிகள் எல்லாரும் வந்து நிற்கிறார்கள். மோகனாவை ஆடியவர் வேஷம் போட்டார். ரமாமணியை ஆடியவர் தன் தொழிலின் சரித்திரத்தைப் போட்டார். படம் பார்த்தவர்கள் இன்றைக்கும் ரமாமணியைப் பேர் சொல்லி நினைக்கிறார்களே, அதற்கு வேறு என்ன காரணம்?

6

1977இல் பாரதிராஜாவின் '16 வயதினிலே' வந்தது. வட்டார வழக்கு சிரிப்புக்கு மட்டுமே என்ற விதி உடைந்தது. காந்திமதியின் குருவம்மா வசவும் அழுகையும் ஒப்பாரியுமாகத் தென்மாவட்டப் பேச்சைப் படத்தின் நடுவீட்டுக்கே கொண்டுவந்தார். நாயகன், நாயகி, தாய் எல்லாரும் ஊர்ப்பேச்சு பேசலாம் என்று ஆயிற்று. இது மண்ணின் வெற்றி என்று நாம் எழுதினோம். முழுக்கத் தப்பில்லை. ஆனால் அடுத்த பதினைந்து வருஷத்தில் அந்தப் பேச்சு எந்த வீட்டில் போய் உட்கார்ந்தது என்று பார்க்கவேண்டும்.

மனோரமா அம்மாவாகிறார். 'சின்னத்தம்பி' (1991), 'சின்னக் கவுண்டர்' (1992), 'அண்ணாமலை' (1992), 'ஜென்டில்மேன்' (1993): மூன்றே வருஷத்தில் பிரபு, விஜயகாந்த், ரஜினிகாந்த், அர்ஜுன் என்று நான்கு நாயகர்களுக்குத் தாய். ரஜினிகாந்த் இவரைவிடப் பதின்மூன்று வயதுதான் இளையவர். விஜயகாந்த் பதினைந்து. 'சின்னத்தம்பி'யில் நாயகியின் அண்ணன்களிடம் அவமானப்படும் தாய். 'ஜென்டில்மேன்' படத்தில் மகனின் மருத்துவப் படிப்புக்காகத் தன்னையே மாய்த்துக்கொள்ளும் தாய். தாயின் உடம்பின் மேல் விழும் அடிதான் மகனுடைய கோபத்துக்கான லைசென்ஸ். அவள் பட்டதற்கு அவன் பழிவாங்குவான், கைதட்டல் அவனுக்கு.

'சின்னக் கவுண்டர்' இன்னும் சிக்கலானது. அதில் மனோரமாவுக்கு முன்பற்களைத் துருத்தவைத்து ஒப்பனை. பார்த்ததும் சிரிக்கவேண்டும் என்ற பழைய நிபந்தனை அப்படியே இருக்கிறது. ஆனால் அவர் இப்போது வேலைக்காரி இல்லை, பஞ்சாயத்துப் பேசும் ஊர்ப் பெரியதனக்காரனின் ஆத்தா. ஒரு காலத்தில் குப்பத்தையும் கொட்டகையையும் பேசிய நாக்கு இங்கே நிலவுடைமைச் சாதியின் குடும்பப் பெருமையைப் பேசுகிறது. வட்டார வழக்கு மரியாதை பெற்றது உண்மை. அது மரியாதை பெற்றது சாதிப் பட்டத்தைத் தலைப்பில் வைத்த படங்கள் வழியாக என்பதும் உண்மை. 'மண்வாசனை' என்று நாம் முகர்ந்ததில் மண் யார் பேரில் பட்டா ஆகியிருக்கிறது என்று கேட்காமல் விட்டோம்.

இந்த இரண்டு காலத்துக்கும் நடுவில் 'சம்சாரம் அது மின்சாரம்' (விசு, 1986) இருக்கிறது. வேலைக்காரி கண்ணம்மா. எசமானர் வீட்டில் யாரும் பேசத் துணியாததை அவள் பேசுகிறாள். சம்பந்தி வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டுப் பிரிந்ததைச் சேர்த்துவைக்கிறாள். தியேட்டரில் அதிகம் கைதட்டல் வாங்கிய இடம் அது. வேலைக்காரிக்கு வாய் கொடுத்த படம் என்று சொல்லலாம். ஆனால் அந்த வாய் யாருடைய குடும்பத்தைக் காப்பாற்ற உழைத்தது? படம் விட்டு வெளியே வரும்போது நாம் பேசுவது நடுத்தர வர்க்கத்துக் கூட்டுக்குடும்பத்தைப் பற்றி. கண்ணம்மாவின் சம்பளத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

7

ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்காவிலிருந்து ஒருவர் வேண்டும்: ஹாட்டி மெக்டேனியல். அடிமையாகப் பிறந்து விடுதலையானவரின் மகள். ஊர் ஊராகப் பாடிப் பிழைத்தவர். பாட்டு வேலை இல்லாத நாளில் விடுதி ஒன்றில் கழிப்பறைப் பணிப்பெண்ணாகவும் இருந்தவர். ஹாலிவுட் அவருக்குக் கொடுத்ததில் பெரும்பகுதி வேலைக்காரி வேஷம். 1939இல் வந்த 'கான் வித் த விண்ட்' படத்தில் கறுப்பின வேலைக்காரியாக நடித்ததற்கு 1940இல் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். ஆனால் படத்தின் முதல் காட்சி அட்லாண்டாவில் நடந்தபோது இனப்பாகுபாட்டுச் சட்டத்தால் அவர் போகமுடியவில்லை. பரிசு வாங்கிய இரவில் படக்குழுவோடு உட்காரமுடியாமல் சுவரோரம் தனி மேஜையில் உட்காரவைக்கப்பட்டார். 1952இல் செத்த பிறகு அவர் விரும்பிய ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் இடம் தர மறுத்தார்கள்.

இன்னொரு விவரம். அந்நாளில் துணை நடிகர்களுக்கு ஆஸ்கர் சிலை தருவதில்லை, சின்னதாக ஒரு பலகைதான். 1940களின் நடுவில்தான் அவர்களுக்கும் முழுச் சிலை கொடுக்கத் தொடங்கினார்கள். நம் ஊரிலும் தேசிய விருதுகளில் துணை நடிகை என்ற பிரிவே 1984ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் ஏற்பட்டது. அதற்குள் மனோரமா திரைக்கு வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அவருக்கு அந்த விருது பார்த்திபனின் 'புதிய பாதை' (1989) படத்துக்காகக் கிடைத்தது.

மெக்டேனியலைக் கறுப்பின இயக்கத்தவர் சிலரே கடுமையாக விமர்சித்தார்கள்: வேலைக்காரி வேஷத்தில் சிரித்துச் சிரித்து வெள்ளையனின் கற்பனைக்குத் தீனி போடுகிறார் என்று. அவருடைய பதிலின் சாரம், வேலைக்காரியாக இருப்பதைவிட வேலைக்காரியாக நடித்துச் சம்பாதிப்பது மேல் என்பது. இந்த வாதத்தில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நமக்கு முக்கியமானது, அங்கே அப்படியொரு வாதம் நடந்தது என்பதுதான். மனோரமாவை வைத்து நம்மிடம் அப்படியொரு வாதம் நடக்கவேயில்லை. காரணம் இருக்கிறது. அங்கே வேலைக்காரியின் நிறம் திரையில் தெரிந்தது, மறைக்கமுடியாது. இங்கே வேலைக்காரியின் சாதியைப் படம் சொல்வதில்லை. சொல்லவேண்டியதும் இல்லை, பேச்சே சொல்லிவிடும். அங்கே தோல் செய்த வேலையை இங்கே வழக்கு செய்தது. கண்ணுக்குத் தெரியாமல் காதுக்கு மட்டும் தெரிந்ததால் நாம் அதைச் 'சுத்தமான நகைச்சுவை' என்று சொல்லிக்கொள்ள முடிந்தது.

8

ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்று அவரைப் புகழ்வார்கள். அண்ணாதுரையோடும் கருணாநிதியோடும் மேடையில், எம்.ஜி.ஆரோடும் என்.டி. ராமராவோடும் ஜெயலலிதாவோடும் திரையில். இந்தப் புகழ்ச்சியைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம். அதே கொட்டகையிலும் அதே ஸ்டூடியோவிலும் நின்று வசனம் பேசிய, எழுதிய ஐந்து பேர் கோட்டைக்குப் போனார்கள். ஐவரில் ஒருவர் பெண், ஆனால் அவர் நாயகி. அவர்கள் எல்லாரையும்விட அதிகத் தமிழ் பேசியவருக்குக் கிடைத்தது ஒரு செல்லப் பெயர்.

அவரும் ஒருமுறை அரசியல் பேசினார். 1996 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்காகப் பிரசாரம் செய்து, எதிரணியை ஆதரித்த ரஜினிகாந்தைக் கடுமையாகத் தாக்கினார். அவர் நின்ற பக்கம் சரியா என்பது வேறு விவாதம். என் கவனம் பின்விளைவில். நாயகன் தேர்தல் நேரத்தில் நான்கு வார்த்தை பேசினால் அது அரசியல் நிகழ்வாகிறது, ஆட்சி மாற்றத்துக்கே காரணமாகச் சொல்லப்படுகிறது. குணச்சித்திர நடிகை பேசினால் அவருக்குப் படம் குறைகிறது. பிறகு ரஜினிகாந்தே 'அருணாசலம்' (1997) படத்தில் அவருக்கு வேஷம் கொடுக்கச் செய்தார். இதை நாயகனின் பெருந்தன்மைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். பெருந்தன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒருவரின் பேச்சு இன்னொருவரின் பெருந்தன்மையை நம்பித்தான் பிழைக்கவேண்டும் என்றால் அந்த இருவருக்கும் நடுவிலுள்ள உறவுக்குப் பேர் என்ன? பள்ளத்தூர்ப் பெரிய வீட்டில் அதற்கு ஒரு பேர் இருந்தது.

2002இல் பத்மஸ்ரீ வந்தது. 2015 அக்டோபர் 10இல், 78 வயதில், சென்னையில் இறந்தார். எல்லாக் கட்சியும் மாலை போட்டது. இனி அவரால் யாருக்கும் சங்கடமில்லை.

எழுதுகிறவர்களும் களத்தில் வேலை செய்கிறவர்களும் இதில் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாயகனை விட்டுவிட்டு, அதில் வேலைக்காரியாகவோ கிழவியாகவோ வருகிறவளைப் பின்தொடருங்கள். அவள் எந்த ஊர்ப் பேச்சு பேசுகிறாள்? அந்தப் பேச்சுக்குச் சிரிப்பு வருகிறதா, மௌனம் வருகிறதா? அவளுக்கென்று ஒரு வீடு காட்டப்படுகிறதா? அவள் கூலி கேட்கிறாளா? அவள் யாருக்காக அழுகிறாள், அவளுக்காக யார் அழுகிறார்கள்? இந்தக் கேள்விகளோடு பத்துப் படம் பார்த்தால் போதும், தமிழ் சினிமாவுக்கு இதுவரை எழுதப்படாத இன்னொரு வரலாறு கிடைக்கும். மனோரமாவிலிருந்து தொடங்கினாலும் அவரோடு நிறுத்தவேண்டாம். மதுரம், முத்துலட்சுமி, சி.கே. சரஸ்வதி, காந்திமதி, எஸ்.என். லட்சுமி என்று வரிசையாக ஆட்கள் காத்திருக்கிறார்கள். படங்கள் டி.வி.யில் தினமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. உப்பளத்துப் பெண்கள் ஏற்கெனவே பார்க்கத் தொடங்கிவிட்டார்கள், நாம்தான் பாக்கி.